காவடி சாரின் வலது கை

சிட்லபாக்கத்தில் ஒரு காலத்தில் எந்த வீட்டுச் சுவரில் விரிசல், எந்தச் சுவரில் ஈரம், யார் வீட்டில் சுண்ணாம்பு அடித்து எத்தனை வருஷம் ஆகிறது என்பதையெல்லாம் வீட்டுக்காரரைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கொத்தனார் அல்ல. திருடரும் அல்ல, ஆனால் அந்தச் சந்தேகம் தெருவில் எல்லோருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கிறது. அவர்தான் எங்கள் பக்கத்து வீட்டுக் காவடி சார்.

காவடி சாருக்கும் முருகனுக்கும் சம்பந்தமே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமான பிறகு தனியாக இருந்தார். பெயருக்குக் காரணம் காவடிப்புழு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். செடியில் காய்ந்த காம்பு போல விறைத்து நிற்கும். நாம் அதைக் காம்பு என்று நம்பிய பிறகு, வாலைத் தலையோடு கொண்டுவந்து சேர்த்து, உடம்பைக் காவடி போல வளைத்து, மறுபடி நீட்டி, முழம் போட்டுக்கொண்டு நடக்கும். அந்தப் புழுக்களும், அவை வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சிகளும்தான் சாருக்கு உற்றார் உறவினர்.

"முன்னால ஆறு கால், பின்னால நாலு கால், நடுவுல ஒண்ணுமே கிடையாது தம்பி. அதான் இப்படி அளந்து அளந்து நடக்குது. நான் முப்பது வருஷம் செயின் புடிச்சு அளந்தேன், எத்தனை தப்பு! இது ஒரு தடவையாவது தப்பா அளந்து நீ பார்த்திருக்கியா?"

பார்த்ததில்லை. சரியாக அளந்தும் பார்த்ததில்லை. தலையாட்டி வைத்தேன்.

இந்தப் பூச்சிகள் ராத்திரி வாசல் விளக்குக்கு வந்து, விடிந்ததும் பறக்க மனமில்லாமல் சுவரிலேயே இறக்கையைத் தட்டையாக விரித்து ஒட்டிக்கொண்டுவிடும். ஆகவே காலை ஐந்தரைக்கு காவடி சார் குரங்குக் குல்லாய், டார்ச், பூதக்கண்ணாடி, கோடு போட்ட நோட்டுப் புத்தகம் சகிதம் தெருவில் இறங்கிவிடுவார். வீடு வீடாக காம்பவுண்டுக்குள் நுழைந்து, சுவரிலிருந்து நாலு அங்குலத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பார். பால் வாங்கக் கதவைத் திறக்கும் பெண்கள் முதல் வாரம் அலறினார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து, "சார், கொஞ்சம் நகருங்க, கோலம் போடணும்" என்றார்கள்.

ஊருக்குப் புதிதாக வந்த ஒரு கான்ஸ்டபிளுக்கு மட்டும் இந்த விவரம் தெரியாது.

"இன்னா சார், காலங்காத்தால அட்த்தவன் வூட்டு செவுத்த நோட்டம் வுட்டுகினு கீறே? ஸ்டேஷனாண்ட வர்றியா?"

காவடி சார் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்தார். "மெதுவா பேசுங்க. இதுக்குக் காது இடுப்புல இருக்கு."

கான்ஸ்டபிள் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"வவ்வால் வர்றது கேக்கணும்ல? அதுக்காக ஆண்டவர் அங்க வெச்சிருக்கார்" என்றார் சார்.

"சரியான பேஜார் புட்ச்ச ஆளா கீறாரே" என்று சொல்லிவிட்டு கான்ஸ்டபிள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு காவடி சாரைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய் அங்கிருந்து சல்யூட் அடிப்பார்.

இத்தனை பூச்சிகளுக்கும் தமிழில் பெயர் இல்லாததால் சாரே ஞானஸ்நானம் செய்துவைத்திருந்தார். வெள்ளை இறக்கையில் மெல்லிய கோடு ஓடுவது இழைக்கோலம். மரப்பட்டை நிறத்தில் இருப்பது பட்டை பெரியசாமி. மாங்கொழுந்துப் பச்சையில், காற்றடித்தால் கிழிந்துவிடும் போலிருப்பது பச்சையம்மா. சர்ச்சுக்குப் போகிறவர் வாயில் நாளுக்கு நாலு முறை பச்சையம்மா வருகிறதே என்று என் அம்மாவுக்கு அவர்மேல் தனி மரியாதை.

சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அவர் எந்நேரமும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த மனிதர். நோட்டைப் புரட்டி, போன வருஷம் இந்த மாதம் இத்தனை, இந்த வருஷம் இவ்வளவுதான் என்று உதட்டைப் பிதுக்குவார். பஸ் பிடித்து நன்மங்கலம் காட்டுக்கும் வண்டலூர்ப் பக்கமும் போய்த் தேடிவிட்டு, வெறும் கையோடு முட்களை மட்டும் வேட்டியில் வாங்கிக்கொண்டு திரும்புவார்.

"ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி அவ்வளவும் புதர்க்காடா இருந்தது தம்பி. இப்ப எல்லாம் மனை. அளந்து கல்லு நட்டது யாரு தெரியுமா? நான்தான்" என்று ஒரு நாள் சிரித்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் காலையில் டார்ச்சோடு தெருவில் இறங்கவே இல்லை.

அவருடைய பெரிய கவலை பச்சையம்மா. செத்துப்போனால் அதன் பச்சை வெளுத்து வைக்கோல் நிறமாகிவிடுமாம். ஆகவே உயிரோடு வளர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று வருஷம் முயன்று மூன்று வருஷமும் தோற்றிருந்தார். ஒரு முறை எறும்பு, ஒரு முறை குளவி, ஒரு முறை என்னவென்றே தெரியாத நோய். நாலாவது வருஷம் தன் வீட்டு மாமரத்தில் ஒரு கிளைக்குக் கொசுவலைத் துணியில் உறை தைத்து மாட்டி, அதற்குள் புழுக்களை விட்டார். அந்த வலையின் நோக்கம், தையல், முடிச்சு எல்லாவற்றையும் காம்பவுண்டு சுவரில் சாய்ந்துகொண்டு எனக்கு நாற்பது நிமிடம் விளக்கினார். அந்த நாற்பது நிமிடத்தில் என் மனதில் பதிந்தது எட்டேகால் மின்சார ரயில் போய்விட்டது என்பது மட்டும்தான்.

இந்தச் சமயத்தில்தான் என் அக்கா விஜயாவுக்கு சம்பந்தம் கூடிவந்தது.

அக்காவுக்கு அப்போது இருபத்தொன்பது. அந்தக் காலத்துக்கு அது அப்பாவை ராத்திரி எழுப்பி உட்காரவைக்கிற வயது. ஏற்கெனவே இரண்டு இடம் நிச்சயம் வரை வந்து கலைந்திருந்தது. முதல் இடம், மின்விசிறிக் காற்றில் குத்துவிளக்கு அணைந்ததால் போனது. இரண்டாவது இடம், எதிர்வீட்டுப் பூனை குறுக்கே போனதால் போனது. அன்றிலிருந்து அப்பா மின்விசிறியையும் பூனையையும் ஒரே கண்ணால்தான் பார்த்தார். அக்காவோ, இரண்டாவது தடவை அவர்கள் எழுந்து போன பிறகு, கழுவி வைத்த டம்ளர்களையெல்லாம் எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை என்னால் கேட்க முடியாமல் நான் வெளியே போய்விட்டேன்.

மூன்றாவது இடம் சிங்கப்பெருமாள் கோவில். மாப்பிள்ளைக்கு அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை, நல்ல பையன். ஆனால் அவனுடைய அம்மா சகுனம் பார்ப்பதில் முதல் இரண்டு இடத்தையும் தூக்கிச் சாப்பிடுகிறவர் என்று தரகர் எச்சரித்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுவது என்று முடிவானது. பூனைக்கு எதிர்வீட்டிலேயே ஒரு அறை ஒதுக்கினார்கள். மிச்சம் இருந்தது காவடி சார்.

"அவர் வந்தா வந்தவங்க கிட்ட இடுப்புல காதுன்னு ஆரம்பிச்சுடுவாருடி" என்றார் அப்பா.

"பக்கத்து வூட்டுப் பெரிய மனுஷரைக் கூப்பிடாம எப்படிங்க? அவர் சர்ச் முடிஞ்சு வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடும்" என்றாள் அம்மா. போய்க் கூப்பிட்டாள். கூடவே, தோரணத்துக்கும் கலசத்துக்கும் மாவிலை வேண்டும் என்றும் கேட்டாள்.

"எவ்வளவு வேணுமோ பறிச்சுக்கோங்கம்மா. உங்க மரம்னு நினைச்சுக்கோங்க" என்றார் சார்.

ஞாயிறு காலை சார் சர்ச்சுக்குப் போன பிறகு நான் ஏணியோடு போனேன். இலையெல்லாம் லாரிப் புழுதி, அதன்மேல் கறுப்புப் பூஞ்சை, போதாததற்குக் காக்கா எச்சம். இந்த இலையை வாசலில் கட்டினால் அதுவே ஒரு சகுனம். அப்போதுதான் அந்தக் கொசுவலை உறை கண்ணில் பட்டது. உள்ளே ஒரு கொத்து, தூசு தும்பு இல்லாமல், துடைத்து வைத்தது போலப் பளபளவென்று. அடடா, மனுஷர் நல்ல இலையை விசேஷத்துக்கென்று தூசு படாமல் வலை போட்டுப் பாதுகாத்திருக்கிறாரே என்று எனக்குள் அவரைப் புகழ்ந்துகொண்டே முடிச்சை அவிழ்த்து, கொத்தை அப்படியே வெட்டிக்கொண்டேன். முடிச்சைத் திரும்பக் கட்டவும் செய்தேன். எனக்கும் ஒழுங்கு உண்டு.

பாதி இலையைத் தோரணமாக வாசலில் கட்டினோம். மீதியை அம்மா கலசத்தில் செருகினாள். "இலைக்கு நடுவுல காம்பு நிறைய நிக்குதுடா" என்றாள். "இருக்கட்டும், அழகா இருக்கு" என்றேன்.

பத்தே முக்காலுக்கு கேட்டருகில் காவடி சார் நின்றார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் பைபிள். கையில் ஒரு வெறும் கொசுவலை.

"தம்பி" என்றார். "இதுக்குள்ள பன்னெண்டு பேர் இருந்தாங்க."

எனக்கு ஒரு வினாடி ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்த நாற்பது நிமிடமும் மொத்தமாக ஞாபகத்துக்கு வந்தது. இருவரும் மெல்லத் தலையைத் தூக்கித் தோரணத்தைப் பார்த்தோம். ஒரு காம்பு வளைந்து, நீண்டு, பக்கத்து இலைக்கு முழம் போட்டுக்கொண்டிருந்தது. இன்னொன்று நூல் விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே, மாப்பிள்ளை வீட்டார் கால் வைக்கப்போகிற செம்மண் கோலம். தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது.

"சார், மூணாவது தடவை சார்" என்றேன். அழுதுவிடுவேன் போலிருந்தது. "இன்னிக்குப் போச்சுன்னா அக்கா தாங்க மாட்டா."

சார் என்னைப் பார்த்தார். தோரணத்தைப் பார்த்தார். வலையை மடித்துப் பைபிளுக்குள் வைத்து, பைபிளை என்னிடம் கொடுத்துவிட்டு, தோரணத்துக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார்.

வேனிலிருந்து இறங்கியவர்களை அவர்தான் வரவேற்றார். நூலில் தொங்கியதை ஒரு கையால் வாங்கி, இரண்டு கையையும் சேர்த்து, "வாங்க, வாங்க" என்றார். அடுத்தது இறங்கியது, அதையும் வாங்கி, மறுபடி கும்பிட்டார். மாப்பிள்ளையின் அம்மா கடைசியாக இறங்கி வரும்போது அவருடைய கூப்பிய உள்ளங்கைகளுக்கு நடுவே மூன்று புழுக்கள் இருந்தன. ஆகையால் கையைப் பிரிக்க முடியாமல் அவர் கும்பிட்டபடியே நின்றார். அந்த அம்மா அசந்துபோனார்.

"இவரு யாருங்க? இந்தக் காலத்துல இவ்வளவு பணிவா யாரு நிக்கிறா?"

"பக்கத்து வீட்டு சார். சர்வேயரா இருந்தவர்" என்றார் அப்பா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"பெரியவரு முன்னால வந்து உக்காரட்டும். அவர் பார்க்கத் தட்டு மாத்திக்கலாம்."

எந்த மனிதரை வெளியே நிறுத்த ஒரு வாரம் திட்டம் போட்டோமோ அவரைக் கூடத்தில் முதல் வரிசையில், கலசத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். போகிற வழியில் மூன்று பேரையும் அவர் சட்டைப் பைக்கு மாற்றியதை நான் பார்த்தேன். எதிர்ப்பக்கம் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அக்காவும் பார்த்தாள் என்பது அவள் முகத்திலிருந்து தெரிந்தது.

தட்டுகளை வரிசையாக வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா புடவைத் தட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பொதுவாகச் சொல்வது போலச் சொன்னார்: "எங்க வழக்கம் ஒண்ணு இருக்குதுங்க. தட்டுல பூச்சி பொட்டு ஏறிச்சின்னா அப்பிடியே எழுந்துடுவோம். என் நாத்தனார் பையனுக்கு எறும்பு ஏறிச்சின்னே ஒரு இடத்தை வுட்டாங்க."

அப்பா அம்மாவைப் பார்த்தார். நான் கலசத்தைப் பார்த்தேன்.

கலசத்தில் ஒரு காம்பு நிமிர்ந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஐந்து நிமிடம்கூட இருக்காது. எனக்கு ஒரு வருஷம் போலிருந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா நிச்சயப் பத்திரிகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். புழு மாவிலையின் நுனிக்கு வந்தது. காற்றில் தலையை நீட்டித் துழாவியது. தேங்காயில் இறங்கியது. கலசத்தின் கழுத்தில் ஒரு முழம், வயிற்றில் இரண்டு முழம். சித்தப்பா பெண்ணின் தாத்தா பெயரில் தடுக்கி நின்று, மறுபடி முதலிலிருந்து வாசித்தார். புழு தரைக்கு வந்து, புடவைத் தட்டின் விளிம்பில் ஏறியது. அக்காவின் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையும் போகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அங்க என்ன அசையுது?" என்று மாப்பிள்ளையின் அம்மா குனிந்தார்.

காவடி சாரின் வலது கை நீண்டது. தட்டைச் சரியாக நகர்த்தி வைப்பது போல விளிம்பைப் பிடித்தார். கட்டைவிரல் ஒரு முறை அழுந்தியது. பிறகு கையை மூடிக்கொண்டு பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்லம்மா. தூசி" என்றார்.

எங்கள் தெருவிலேயே கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வெளியே விடுகிறவர் அவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரே நிமிடத்தில் இரண்டையும் செய்துவிட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் சித்தப்பாவின் வாசிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினொன்று ஐம்பதுக்குத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். அப்பா அழுதார். அக்கா தலையை நிமிர்த்தி முதல் முறையாக மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தாள்.

சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். காவடி சார் உட்கார மறுத்துவிட்டார். "வயிறு சரியில்லம்மா" என்றார். அது இரண்டாவது பொய். அம்மா வாசல் வரை போய்த் தாம்பூலப் பையைக் கொடுத்தபோது, இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அம்மாவின் முகம் சுருங்கியது.

வேன் போன பிறகு அக்கா நிச்சயப் புடவையோடே முக்காலியில் ஏறித் தோரணத்தைக் கழற்றினாள். அவளும் நானும் காம்பு காம்பாகத் தொட்டுப் பார்த்து, தோரணத்திலிருந்தும் கலசத்திலிருந்தும் ஏழு பேரைக் கண்டுபிடித்து, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனோம். சட்டைப் பையில் இருந்த மூன்று பேரையும் சேர்த்தால் பத்து. ஒருவர் கிடைக்கவே இல்லை; மாப்பிள்ளை வீட்டாரோடு வேனில் போயிருக்க வேண்டும். கல்யாணம் வரைக்கும் காவடி சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சிங்கப்பெருமாள் கோவில்ல அவங்க வீட்டுப் பக்கம் மாமரம் இருக்கா தம்பி?" என்று கவலையோடு விசாரிப்பார். இன்னொருவரைப் பற்றி நாங்கள் மூன்று பேரும் பேசியதே இல்லை.

பத்துப் புழுக்களும் இலையைச் சுருட்டிக் கூடு கட்டி, இரண்டு வாரத்தில் பச்சையம்மாக்களாக வெளியே வந்தன. அன்று காலை காவடி சார் ஓடிவந்து என்னை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனார். கொசுவலையில் அவை இறக்கை விரித்து உட்கார்ந்திருந்தன. அப்படி ஒரு பச்சையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாலு வருஷம் காத்திருந்தவர் அதைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எனக்குப் பிடித்திருக்கிறதா என்று.

அம்மாவுக்கு மட்டும் கடைசி வரைக்கும் அவர்மேல் மனத்தாங்கல் தீரவில்லை. "எல்லாம் சரிடா. ஆனா நல்ல நாளும் அதுவுமா என் வீட்டுல கை நனைக்கலை, தாம்பூலத்தை இடது கையால வாங்கினாரே, அதை மட்டும் என்னால மறக்க முடியலை" என்பாள். அக்கா பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் புருஷன் வீட்டில் இருந்தாள். நான் சொல்லவில்லை. சொன்னால் வலையை அவிழ்த்தது யார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். ஏதோ ஒரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். முதலில் சார் போனார். பிறகு அம்மாவும் போய்விட்டாள்.

அம்மா, அன்றைக்கு அவருடைய வலது கை காலியாக இல்லை. செத்துப்போன தன் குழந்தையை அதற்குள் மூடி வைத்துக்கொண்டு, நம் வீட்டு விசேஷம் முடிகிற வரைக்கும் முகத்தில் எதுவும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில்தான் நின்றேன், அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டிருக்கலாம்.